வயல் இருக்கிறது, பட்டா இல்லை: ஒரு மென்பொருளை இன்ஸ்டாலர் எப்படி அடையாளம் காண்கிறது?

சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு தை மாதக் காலையில் நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து போன் வந்தது. எடைமேடைக் கணினியில் மென்பொருள் திறக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் ரோடு வரை நின்றன. இண்டிகேட்டரில் சிவப்பு எண்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சீட்டு மட்டும் கணினியிலிருந்து வரவில்லை, கணக்குப்பிள்ளை கையால் எழுதிக்கொண்டிருந்தார். எடைமேடையை ஓட்டும் பையன் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தான். மென்பொருள் அடிக்கடி நின்றுபோகிறதே, பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, சி டிரைவில் இருந்த அந்த ஃபோல்டரை முழுதாக டெலிட் செய்துவிட்டான். அப்புறம், மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் அனுப்பிய புது செட்டப் ஃபைலை ஓட்டினான். அது மறுத்துவிட்டது. இந்த மென்பொருளின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே இந்தக் கணினியில் இருக்கிறது, அதனால் இதை நிறுவ முடியாது என்பது அது காட்டிய செய்தியின் சாரம். விண்டோஸ் கணக்கில் அதன் பிழை எண் 1638.

“என்ன தம்பி, எல்லாத்தையும்தான் அழிச்சாச்சே, இன்னும் எங்கே இருக்குங்குது?” என்று கணக்குப்பிள்ளை கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கான பதில் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போனால் யாரும் வயலுக்கு வந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை. சிட்டாவைக் கேட்கிறார்கள், அடங்கலைக் கேட்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்து உழுத வயலாக இருக்கலாம். ஏட்டில் பெயர் மாறவில்லை என்றால் அந்த மேஜைக்கு முன்னால் அது உங்கள் வயல் இல்லை. இன்ஸ்டாலரும், அதாவது மென்பொருளைக் கணினியில் நிறுவித் தரும் செட்டப் நிரலும், அப்படித்தான். ஒரு மென்பொருள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது பெரும்பாலும் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதில்லை, ஏட்டைத்தான் பார்க்கிறது. விண்டோஸில் அந்த ஏட்டுக்குப் பெயரே ரெஜிஸ்ட்ரி.

பையன் அழித்தது வயலை. பட்டா அப்படியே இருந்தது.

ரெஜிஸ்ட்ரியில் ‘அன்இன்ஸ்டால்’ என்று ஒரு கிளை உண்டு. கண்ட்ரோல் பேனலில் நாம் பார்க்கும் மென்பொருள் பட்டியலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பதிவு. அதில் காட்ட வேண்டிய பெயர், பதிப்பு எண், யார் செய்தது, நீக்குவதற்கு எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். நாம் பெயரைப் பார்த்து அடையாளம் காண்கிறோம். இன்ஸ்டாலர் பெயரைச் சட்டை செய்வதில்லை. அது பார்ப்பது பதிவின் தலைப்பில் இருக்கும் குறியீட்டை. விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற அமைப்பின் வழியாக, அதாவது எம்.எஸ்.ஐ. ஃபைலாக வரும் மென்பொருள்களுக்கு அது ஜி.யு.ஐ.டி. என்னும் 128 பிட் எண். எட்டு, நான்கு, நான்கு, நான்கு, பன்னிரண்டு என்று பிரித்து எழுதப்படும் 32 குறிகள். உலகத்தில் இன்னொருவர் உருவாக்கும் எண்ணோடு மோதாத அளவுக்குப் பெரியது. இந்த அமைப்பு 1999-இல் ஆபீஸ் 2000 உடன் வந்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

பெயரை ஏன் நம்பக்கூடாது என்று நம் ஊர் விதைக் கடையில் நின்றால் புரியும். ‘பொன்னி’ என்று கேட்டால் எந்தப் பொன்னி என்பார்கள். ஆந்திராவில் பாபட்லாவில் உருவாகி சம்பா மசூரி என்று அறியப்பட்ட நெல்லை இங்கே ஆந்திரா பொன்னி என்கிறார்கள், டீலக்ஸ் பொன்னி என்றும் சொல்கிறார்கள். பி.பி.டி. 5204 என்று சொன்னால் குழப்பமே இல்லை. கட்டாக்கில் உருவான சி.ஆர். 1009 ஒடிசாவில் சாவித்திரி, நமக்குப் பொன்மணி. பெயர் ஊருக்கு ஊர் மாறும், எண் மாறாது.

எம்.எஸ்.ஐ. ஃபைலுக்குள் இப்படி ஓர் எண் அல்ல, மூன்று எண்கள் இருக்கின்றன. குழப்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் வருகின்றன. முதலாவது அப்கிரேடு கோடு. இது குடும்பப் பெயர் மாதிரி. அந்த மென்பொருளின் எல்லாப் பதிப்புகளுக்கும் பொது, ஆயுள் முழுக்க மாறக்கூடாது. இரண்டாவது புராடக்ட் கோடு. இது குறிப்பிட்ட ஒரு வெளியீட்டுக்கு உரியது. பெரிய மாற்றத்தோடு அடுத்த பதிப்பு வந்தால் இது மாற வேண்டும். மூன்றாவது பேக்கேஜ் கோடு. இது அந்த எம்.எஸ்.ஐ. ஃபைலுக்கே உரியது. ஓர் எழுத்தைத் திருத்தி மறுபடி கட்டினாலும் இது மாறிவிட வேண்டும். நெல்லில் சொன்னால், சி.ஆர். 1009 என்ற வழி அப்கிரேடு கோடு. வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் மரபணுவைச் சேர்த்து வந்த சி.ஆர். 1009 சப் 1 ஒரு புதிய புராடக்ட் கோடு. சான்று விதை மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையில் உள்ள லாட் எண்தான் பேக்கேஜ் கோடு.

இப்போது 1638-க்கு வருவோம். மென்பொருள் செய்தவர்கள் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி, செட்டப் ஃபைலை மறுபடி கட்டி அனுப்பியிருந்தார்கள். பேக்கேஜ் கோடு புதிது. புராடக்ட் கோடு பழையது. விண்டோஸ் ஏட்டைப் புரட்டியது. இந்தப் புராடக்ட் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது, ஆனால் வேறொரு ஃபைலிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதே ஃபைலாக இருந்தால் பழுது பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கும். வேறு புராடக்ட் கோடாக இருந்தால் மேம்படுத்தலாமா என்று யோசித்திருக்கும். இது இரண்டுங்கெட்டான் நிலை. அதனால் கதவைச் சாத்திவிட்டது.

சரி, பழையதை நீக்கிவிடலாம் என்று கண்ட்ரோல் பேனலுக்குப் போனேன். அங்கே பெயர் இருந்தது. அன்இன்ஸ்டால் கொடுத்ததும், நிறுவிய மூல ஃபைல் எங்கே என்று கேட்டது. வழக்கமாக அது கேட்கவே கேட்காது. எம்.எஸ்.ஐ. வழியாக எதை நிறுவினாலும் விண்டோஸ் அந்த ஃபைலின் ஒரு நகலை, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். நீக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் அந்த நகலைத்தான் படிக்கும். முன்பு யாரோ ஒரு டெக்னீஷியன், சி டிரைவில் இடமில்லை என்று அந்த ஃபோல்டரைக் காலி செய்திருக்கிறார். பல ஜி.பி. அளவுக்கு வளர்ந்து நிற்கும் ஃபோல்டர், உள்ளே எண்ணும் எழுத்துமாகப் புரியாத பெயர்கள். குப்பை என்று நினைக்கத் தோன்றும். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது.

பழைய பென் டிரைவ் இருக்கிறதா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை மேஜை டிராயரை இழுத்தார். ரப்பர் ஸ்டாம்பு, மை அட்டை, கார்பன் தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. முதல் முதலில் நிறுவிய அதே செட்டப். அதே பேக்கேஜ் கோடு, ஃபைலின் பெயரும் மாறவில்லை. இரண்டுமே பொருந்த வேண்டும். பெயரை மாற்றி வைத்திருந்தால் விண்டோஸ் ஏற்றுக்கொண்டிருக்காது. வழியைக் காட்டினேன், பழையது ஏட்டிலிருந்து நீங்கியது, புதியது ஏறியது. அந்தப் பென் டிரைவ் தொலைந்திருந்தால்? மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவல் நீக்கல் சிக்கல் தீர்க்கும் கருவி ஒன்று இருக்கிறது, அது பதிவை மட்டும் துடைத்துக் கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியில் நாமே கையால் தேடி அழிப்பது கடைசி வழி. ஏனென்றால் அதே புராடக்ட் கோடு இன்னோர் இடத்தில் எண்களைத் திருப்பிப்போட்ட வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். 12345678 என்று தொடங்கும் எண் அங்கே 87654321 என்று தொடங்கும். நேரடியாகத் தேடினால் கிடைக்காது, பாதி அழித்துப் பாதி விட்டுவிடுவோம்.

இதற்கு நேர் எதிரான வழக்கும் அடிக்கடி வரும். கணினி மெதுவாக இருக்கிறது என்று சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். மென்பொருள் டி டிரைவில் இருக்கும். “புரோகிராம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதற்கான அப்டேட் ஏறவில்லை” என்பார்கள். அப்டேட் ஃபைல் முதலில் ஏட்டைத்தான் கேட்கும். புது ஏட்டில் அந்த மென்பொருளின் பெயர் இல்லை. வயல் இருக்கிறது, பட்டா இல்லை. விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு, 10-இலிருந்து 11-க்கு உள்ளிருந்தபடியே மேம்படுத்தினால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் ஏடும் கூடவே எடுத்துச் செல்லப்படுகிறது. ஃபார்மட் செய்வது வேறு, மேம்படுத்துவது வேறு. வாடிக்கையாளருக்கு இரண்டும் ‘புது விண்டோஸ் போடுவது’தான்.

பதிப்பு எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. எம்.எஸ்.ஐ. அமைப்பு பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே ஒப்பிடும். 2.1.0.1-க்கும் 2.1.0.2-க்கும் அதன் கண்ணில் வித்தியாசம் இல்லை. சிறு நிறுவனங்கள் நான்காவது எண்ணை மட்டும் ஏற்றி, புராடக்ட் கோடையும் மாற்றி வெளியிடும்போது, பழையதை நீக்காமல் பக்கத்திலேயே புதியது உட்கார்ந்துவிடும். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தெரியும். எதை நீக்குவது என்று தெரியாமல் தப்பானதை நீக்குவார்கள், இரண்டும் வேலை செய்யாது.

எல்லா மென்பொருளும் எம்.எஸ்.ஐ. இல்லை. நம் பக்கத்துச் சிறு மென்பொருள்களில் நான் அதிகம் பார்ப்பது 1997-இல் ஜோர்டன் ரஸ்ஸல் வெளியிட்ட இன்னோ செட்டப் என்ற இலவசக் கருவியில் கட்டியவை. அதில் ‘ஆப் ஐடி’ என்ற ஒரு வரிதான் அடையாளம். அதை எழுதாமல் விட்டால் மென்பொருளின் பெயரே அடையாளமாகிவிடும். அடுத்த பதிப்பில் பெயரோடு ஆண்டைச் சேர்த்தால் போதும், இன்ஸ்டாலருக்கு அது முன்பின் தெரியாத புது ஆள். ஒரே ஒரு வரி. முதல் நாளே எழுதி வைத்துவிட்டால் இருபது வருடம் தாங்கும்.

ஏடும் ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். 64 பிட் விண்டோஸில், முந்தைய தலைமுறையான 32 பிட் மென்பொருள்களுக்கென்று ரெஜிஸ்ட்ரியில் தனிக் கிளை இருக்கிறது, ‘வாவ்6432நோடு’ என்று அதற்குப் பெயர். 32 பிட் நிரல் ஒன்று ரெஜிஸ்ட்ரியில் எழுதப் போனால் விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கிளைக்குத் திருப்பிவிடும். அந்த நிரலுக்கே அது தெரியாது. மென்பொருளின் பழைய பதிப்பு 32 பிட், புதிய பதிப்பின் செட்டப் 64 பிட் என்றால், புதியது பிரதான கிளையில் மட்டும் தேடிவிட்டு ‘இங்கே யாரும் இல்லை’ என்று முடிவு செய்துவிடலாம். நல்ல இன்ஸ்டாலர் இரண்டு கிளையையும் பார்க்கும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால், பழைய 32 பிட் விண்டோஸ் கணினிகளை மாற்றும் எல்லோருக்கும் இந்தக் கிளை மாற்றம் நடக்கத்தான் போகிறது.

இதுவரை சொன்னது மென்பொருளை அடையாளம் காண்பது. இன்ஸ்டாலர் இன்னொன்றையும் அடையாளம் காண வேண்டும்: தான் நிற்பது எந்த விண்டோஸில்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

விண்டோஸுக்குக் கடையில் ஒரு பெயர், உள்ளே ஓர் எண். எக்ஸ்.பி. 5.1. விஸ்டா 6.0. ஏழு 6.1, எட்டு 6.2, எட்டு புள்ளி ஒன்று 6.3. பத்து 10.0. பதினொன்றும் 10.0-தான், பில்டு எண் மட்டும் 22000-இல் தொடங்குகிறது. எக்ஸ்.பி. காலத்தில் பல நிரலாளர்கள் ‘எக்ஸ்.பி. அல்லது அதற்கு மேல்’ என்ற சோதனையை இப்படி எழுதினார்கள்: புள்ளிக்கு முன்னால் உள்ள பெரிய எண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், புள்ளிக்குப் பின்னால் உள்ள சிறிய எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எக்ஸ்.பி.யில் சரியாக ஓடும். விஸ்டா 6.0 என்று வந்ததும் சிறிய எண் பூஜ்யம், சோதனை தோல்வி. எக்ஸ்.பி.யை விடப் புதிய விண்டோஸில் நின்றுகொண்டு, எக்ஸ்.பி. வேண்டும் என்று செட்டப் அடம்பிடித்தது. அடுத்த விண்டோஸுக்கு 7 என்று பெயர் வைத்தும் உள்ளே 6.1 என்று வைத்ததற்கு, பழைய மென்பொருள்கள் முறிந்துபோகக் கூடாது என்பதையே மைக்ரோசாஃப்ட் காரணமாகச் சொன்னது.

பதிப்பு எண்ணை எழுத்தாக ஒப்பிடுபவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுந்தார்கள். எழுத்து வரிசையில் 10.0 என்பது 6.1-க்கு முன்னால் வரும், ஏனென்றால் 1 என்பது 6-க்கு முன்னால். அப்படிப்பட்ட செட்டப்புக்கு விண்டோஸ் 10 என்பது விண்டோஸ் 7-ஐ விடப் பழையது.

இதனால் விண்டோஸ் ஒரு முடிவுக்கு வந்தது. 8.1-இலிருந்து, மென்பொருள் ‘நான் இந்தப் புதிய விண்டோஸை அறிவேன்’ என்று தன்னுடைய மேனிஃபெஸ்டில், அதாவது கூடவே வரும் அறிமுகச் சீட்டில், சொல்லியிருந்தால் மட்டும் உண்மையான எண்ணைச் சொல்லும். சொல்லாதவர்களிடம் 6.2 என்றே சொல்லும். விண்டோஸ் 10-இலும் 11-இலும் இதே கதைதான். மேலே சொன்ன தவறான எக்ஸ்.பி. சோதனையை இப்போது போட்டுப் பாருங்கள். 6 என்பது 5-க்கு மேல், 2 என்பது 1-க்கு மேல், தேறிவிடும். உண்மையான 10.0-ஐச் சொல்லியிருந்தால் பூஜ்யத்தில் மாட்டியிருக்கும். எம்.எஸ்.ஐ. அமைப்பும் விண்டோஸ் 10 வந்த பின்பும் தன்னைக் கேட்பவர்களிடம் 603, அதாவது 6.3, என்றே சொல்கிறது.

இது புதுப் பழக்கமும் அல்ல. விண்டோஸ் 95-இன் உள் எண் 4.0. ஆனால் பழைய 16 பிட் மென்பொருள்கள் கேட்டால் 3.95 என்று சொல்லும். 3.10 அல்லது மேல் என்று சோதித்த நிரல்களில் பூஜ்யம் தோற்கும், 95 ஜெயிக்கும். ஆப்பிளும் இதைச் செய்திருக்கிறது. மேக் ஓ.எஸ். 11 வந்தபோது, பழைய கருவிகளால் கட்டிய செயலிகளிடம் அது தன்னை 10.16 என்று சொன்னது. வயதான மாமாவுக்கு மனம் நோகக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு கணக்கை ஒப்புக்கொள்வது போன்ற பரிவு இது. நான் இதை மதிக்கிறேன். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஓடும் பழைய மென்பொருளை நம்பி ஒரு கடை நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு.

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் டி.டி.பி. கடை ஒன்றில் இந்தப் பரிவின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் வரும் பழைய சி.டி. அவர்களிடம் இருந்தது. மென்பொருள் 32 பிட், அதைப் போடும் செட்டப் மட்டும் 16 பிட். தொண்ணூறுகளில் இது சாதாரணம். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல் எதையும் ஓட்டாது. ஆனால் இன்ஸ்டால்ஷீல்டு ஐந்தாம் பதிப்பு போன்ற சில பிரபலமான 16 பிட் செட்டப் இயந்திரங்களை மட்டும் விண்டோஸ் முகம் பார்த்துக் கண்டுகொள்ளும். கண்டுகொண்டால், தன்னிடம் தயாராக உள்ள 32 பிட் மாற்று இயந்திரத்தை அந்த இடத்தில் வைத்து ஓட்டிவிடும். கடைக்காரருடைய சி.டி. அந்தப் பட்டியலில் இருந்த வகை. ஓடியது. அவர் அதை ஓர் அதிசயமாகப் பார்த்தார்.

விண்டோஸ் தானே மென்பொருள்களை அடையாளம் காணும் வழியும் இதை ஒட்டியதுதான். பிரச்சினை தரும் பழைய மென்பொருள்களின் அங்க அடையாளங்களை ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது: ஃபைல் பெயர், அளவு, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் செக்சம் என்ற சோதனை எண், நிறுவனத்தின் பெயர், பதிப்பு எண். பொருந்தினால் அதற்கான ஒட்டுப்போட்டு ஓட்டுகிறது. விஸ்டா முதல், மேனிஃபெஸ்ட் இல்லாத 32 பிட் ஃபைலின் பெயரில் ‘செட்டப்’, ‘இன்ஸ்டால்’, ‘அப்டேட்’ என்ற சொற்கள் இருந்தால் அது இன்ஸ்டாலராக இருக்கலாம் என்று ஊகித்து நிர்வாகி அனுமதி கேட்கிறது. இங்கே ஃபைலின் பெயருக்கே மதிப்பு உண்டு.

லினக்ஸில் இந்தக் கதை சுருக்கமானது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போல, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்தவற்றில், நிறுவிய ஒவ்வொரு தொகுப்பும் ஒரே உரை ஃபைலில் பெயர், பதிப்பு, கட்டமைப்பு என்று எழுதப்பட்டிருக்கும். திறந்தால் கண்ணாலேயே படிக்கலாம். பதிப்பு எண்களை எண்களாகவே ஒப்பிடுவதால் 1.10 என்பது 1.9-ஐ விடப் புதியது என்று அதற்குத் தெரியும். ஆண்ட்ராய்டில் தொகுப்புப் பெயர், பதிப்பு எண், இவற்றோடு செய்தவரின் டிஜிட்டல் கையொப்பமும் பொருந்த வேண்டும். பெயர் அதே, கையொப்பம் வேறு என்றால் மேலே ஏறாது. போலிச் செயலி அசலின் மேல் ஏறி உட்காராமல் இருப்பது இதனால்தான்.

சர்வீஸ் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ‘வின்32 புராடக்ட்’ என்ற வழியில் பட்டியல் கேட்காதீர்கள். அது வெறுமனே படிப்பதில்லை. எம்.எஸ்.ஐ. வழி நிறுவிய ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தொடங்கும், சிலவற்றைப் பழுதுபார்க்கவும் போய்விடும். அறுவடை நேரத்து எடைமேடைக் கணினியில் அதைச் செய்தால் லாரிக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? ‘அன்இன்ஸ்டால்’ கிளையின் இரண்டு பக்கங்களையும் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்டால் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று எங்கு போனாலும் மாற்றலாமா என்ற கேள்விதான். மாற்றும் முன் நான் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்: மென்பொருளின் பெயர், பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா, எந்த இன்ஸ்டாலரில் கட்டியது, மூல செட்டப் ஃபைல் எங்கே. கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை கணினியில் கை வைப்பதில்லை. நீடாமங்கலம் ஆலையில் அந்தப் பழைய பென் டிரைவை ஒரு கவரில் போட்டு, மேலே தேதியும் பதிப்பும் எழுதி, திருத்திய செட்டப்பின் நகலையும் சேர்த்து, கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் அதை டிராயரில் போடவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, ஆலையின் பத்திரங்கள் இருந்த கட்டுக்குள் வைத்துப் பூட்டினார்.